எல்லைக்குள் எல்லையின்மையைக் கண்ட கணித மேதை இராமானுஜன்

தைப்பூசத் திருநாளில் தண்ணீர்மலை முருகப்பெருமானின் சந்நிதியை நோக்கிச் செல்லும் அடியார்கள் 513 படிகளைக் கடந்து ஏறுகின்றனர். பெற்றோரின் கைபற்றி வரும் சிறுவர்கள் அப்படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறுவதைக் காண்கிறோம். படிகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அவற்றின் முடிவில் நாம் தொழுது நிற்கும் பரம்பொருளோ எண்ணுக்கும் எல்லைக்கும் அப்பாற்பட்டது. அடியும் முடியும் தேடிப் புறப்பட்ட திருமாலும் நான்முகனும் சோதிப்பிழம்பின் எல்லையைக் காணாமல் மீண்ட அண்ணாமலை வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். எண்ணக்கூடியதைக் கொண்டு எண்ணவியலாததை அறிய முடியுமா என்னும் வினா சமயத்திற்கு மட்டும் உரியதன்று. கணிதக் கலையின் அடித்தளத்திலும் இதே வினா இருக்கிறது.

எண்ணி முடிக்கக்கூடியதை வரம்புடையது என்றும், எண்ணி முடிக்கவே இயலாததை முடிவிலி என்றும் கணித நூலோர் வழங்குவர். பாரத நாட்டுப் பேரறிஞர்கள் இம்முடிவிலியை நெடுங்காலத்திற்கு முன்னரே எண்ணிப் பார்த்தனர். ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் கிடைப்பது எவ்வளவு கூட்டினாலும் கழித்தாலும் மாறாதது என்று 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கராச்சாரியார் உரைத்தார். உலகங்கள் தோன்றினாலும் ஒடுங்கினாலும் மாறாதிருக்கும் இறைவனை அதற்கு உவமையாகக் காட்டினார். 14ஆம் நூற்றாண்டில் கேரளத்துச் சங்கமக்கிராம மாதவர், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதத்தை முடிவிலாத் தொடராக எழுதினார். மேலைநாட்டில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய அறிஞர் கியோர்க் கேன்டர், முடிவிலிகளுக்குள்ளும் சிறியது பெரியது உண்டு என்று நிறுவி அறிஞருலகை வியப்பில் ஆழ்த்தினார்.

இவ்வரிசையில் வந்து, முடிவிலியோடு ஒரு நண்பனைப் போல் பழகியவர் என்று போற்றப்படும் தமிழகத்து மேதைதான் சீனிவாச இராமானுஜன். வாழ்ந்தது 32 ஆண்டுகளே. இளமையில் கையிலிருந்தது ஒரு சிலேட்டுப் பலகை மட்டுமே. அவ்வளவு குறுகிய எல்லைக்குள் அவர் கண்டவற்றை உலகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அப்பெருமகனாரின் வரலாற்றை நம் அன்பர்கள், சிறப்பாக இளைஞர்கள், அறிந்திருத்தல் நலம்.

பிறப்பும் இளமையும்

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் இராமானுஜன் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கராகப் பணியாற்றியவர். தாயார் கோமளத்தம்மாள் இறைப்பற்று மிக்கவர். திருக்கோயிலில் பக்திப் பாடல்கள் பாடி வந்தவர். நெடுநாள் மகப்பேறு வாய்க்காதிருந்த அவர், குலதெய்வமாகிய நாமக்கல் நாமகிரித் தாயாரை வேண்டிய பின்னரே இம்மகனைப் பெற்றார் என்பது குடும்பத்தினரின் நம்பிக்கை. கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கோயில் கோபுரத்தின் நிழலிலேயே குழந்தை வளர்ந்தது.

1897ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்தில் முதல் மாணவராகத் தேறிய இராமானுஜன், அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அவருடைய பள்ளிப் பருவத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வழங்கி வருகிறது. மூன்று பழங்களை மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று கிடைக்கும். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்றுதான் வரும் என்று ஆசிரியர் விளக்கினாராம். உடனே சிறுவன் இராமானுஜன் எழுந்து, பழமும் இல்லை, ஆளும் இல்லை என்றால் அப்போதும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று வினவினானாம். சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் என்ன என்னும் இவ்வினா எளிதன்று. வரம்புடைய எண்களுக்கு வகுத்த விதி எங்கே நின்றுவிடுகிறது என்பதை அப்பிஞ்சு மனம் அன்றே தொட்டுவிட்டது.

ஒரு நூலும் பல தோல்விகளும்

1903ஆம் ஆண்டு, ஆங்கிலேயர் கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 5000 தேற்றங்கள் அடங்கிய அந்நூலில் பெரும்பாலானவற்றிற்கு விரிவான நிரூபணம் இல்லை. மற்ற மாணவர்க்கு அது குறையாகத் தோன்றியிருக்கும். இராமானுஜனோ ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். அந்த முயற்சியிலேயே புதியன பலவற்றைக் கண்டார்.

அந்த ஈடுபாடே அவருக்குச் சோதனையாகவும் வந்து சேர்ந்தது. 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த அவர், கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செலுத்தவில்லை. ஆங்கிலத்தில் தேறாததால் உதவித்தொகை பறிபோயிற்று. மனமுடைந்து 1905இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர் 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், உடலியல் முதலிய பாடங்களால் அவ்வாண்டும் அதற்கடுத்த ஆண்டும் தேர்வில் தோல்வியே கண்டார். பட்டம் இல்லை, வேலை இல்லை, குடும்பத்திலோ வறுமை. தாள் வாங்கப் பணம் இல்லாததால் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அவருடைய குறிப்பேடுகளில் நிரூபணங்கள் பெரும்பாலும் காணப்படாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பர். அழிக்கப்பட்ட அவ்வழிகளை மீட்டெடுக்கப் பின்வந்த அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைக்க வேண்டியதாயிற்று.

1909 ஜூலையில் ஜானகியம்மாளுடன் அவருக்குத் திருமணம் நடைபெற்றது. மணமகளுக்கு அப்போது பத்து வயதளவே. குடும்பப் பொறுப்பு வந்ததும் அவர் வேலை தேடிக் குறிப்பேட்டுடன் அலைந்தார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயர் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தபோது, அவரிடம் சென்று குறிப்பேட்டைக் காட்டினார். அத்தகைய மேதையை ஒரு சிறு எழுத்தர் வேலையில் அமர்த்த மனம் ஒவ்வாத அப்பெரியவர், அவரைச் சென்னையிலுள்ள அறிஞர்களிடம் அனுப்பி வைத்தார். பின்னர் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்தே வழங்கி ஆதரித்தார்.

மூன்றுக்குள் முடிவிலி

1911ஆம் ஆண்டு இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை இந்தியக் கணிதக் கழக இதழில் வெளிவந்தது. அவ்வாண்டு அதே இதழில் அவர் வாசகர்களுக்கு ஒரு புதிரையும் விடுத்தார். அதனை நம் அன்பர்கள் பள்ளிக் கணித அறிவைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

3 என்பது 9இன் வர்க்கமூலம். அந்த 9, ஒன்றுடன் 2 × 4 கூட்டினால் கிடைப்பது. அங்கே வரும் 4 என்பது 16இன் வர்க்கமூலம். 16, ஒன்றுடன் 3 × 5 கூட்டினால் கிடைப்பது. அங்கே வரும் 5 என்பது 25இன் வர்க்கமூலம்; 25, ஒன்றுடன் 4 × 6 கூட்டினால் கிடைப்பது. இப்படியே 6, 7, 8 என்று ஒரு வர்க்கமூலத்திற்குள் இன்னொன்றாகப் புகுந்துகொண்டே செல்லலாம். இதற்கு முடிவே இல்லை. இராமானுஜன் இம்முடிவிலா அடுக்கை மட்டும் எழுதி, இதன் மதிப்பு யாது என்று கேட்டார். ஆறு மாதங்கள் காத்திருந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. பின்னர் அவரே விடையை அளித்தார். விடை 3.

இதில் ஓர் அரிய தத்துவம் அடங்கியுள்ளது. அவ்வடுக்கை முதல் படியோடு நிறுத்திக் கணக்கிட்டால் 1.73 கிடைக்கும். அடுத்த படியில் 2.24, அதற்கடுத்து 2.56, பிறகு 2.76 என்று மதிப்பு வளரும். எத்தனை படி ஏறி நின்றாலும் 3ஐ எட்டுவதில்லை. ஆயினும் ஏற ஏற 3ஐ நெருங்கிக்கொண்டே இருக்கும். நாம் விரும்பும் அளவுக்கு நெருங்கவும் செய்யும். முடிவிலாத இவ்வடுக்கு முழுவதையும் ஒருங்கே நோக்கும்போதுதான் 3 என்னும் நிறைவு தோன்றுகிறது. முடிவிலி எங்கோ எண்களுக்கு அப்பால் தொலைவில் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். குழந்தையும் விரல்விட்டு எண்ணும் மூன்றுக்குள்ளேயே அது குடியிருப்பதை இராமானுஜன் காட்டினார்.

துறைமுக எழுத்தர்

1912 மார்ச் முதல் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இராமானுஜன் அமர்ந்தார். பினாங்குவாழ் தமிழர்களாகிய நமக்கு இச்செய்தி தனிப்பட்ட நெருக்கம் உடையது. நம் முன்னோர் பலர் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறியே இத்தீவின் கரையை அடைந்தனர். அச்சென்னைத் துறைமுகத்தின் கணக்கேடுகளில் பகலெல்லாம் எழுதிக்கொண்டிருந்த ஒரு கணக்கர், ஓய்வு நேரத்தில் சரக்குப் பொதிகளைச் சுற்றிய தாள்களைத் தேடியெடுத்து அவற்றில் முடிவிலாத் தொடர்களை எழுதிக்கொண்டிருந்தார் என்பர்.

அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர். இரவு நேரங்களில் அவரோடு அமர்ந்து சிலேட்டில் கணக்கிட்டு, அவருடைய ஆற்றலைத் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கு எடுத்துரைத்தவர் அவரே. இத்தகையோரின் ஊக்கத்தால் இராமானுஜன் இங்கிலாந்து அறிஞர்களுக்குக் கடிதங்கள் எழுதலானார். சிலரிடமிருந்து பயன் கிட்டவில்லை. இலண்டன் பேராசிரியர் ஹில், முடிவிலாத் தொடர்களைக் கையாள்வதில் உள்ள படுகுழிகளில் இவ்விளைஞர் விழுந்திருப்பதாக 1912இல் எச்சரித்தார்.

1913 ஜனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதமே அவர் வாழ்வின் திருப்புமுனையாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்கள் அதனுடன் இணைக்கப்பட்டிருந்தன. ஹார்டி முதலில் ஐயுற்றார். தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அவற்றை ஆராய்ந்த பின்னர், இதனை எழுதியவர் உயர்ந்த கணித மேதை என்று தெளிந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கிற்று. பட்டம் பெறாத ஒருவருக்கு இது கிடைத்தது பெரும் சிறப்பு.

ஹார்டிக்கு எழுதிய அடுத்த கடிதத்தில் 1, 2, 3, 4 என்று எல்லா எண்களையும் முடிவின்றிக் கூட்டினால் 12இல் ஒரு பங்கு, அதுவும் குறைக்குறியுடன், வரும் என்று அவர் குறிப்பிட்டிருந்தார். இதைக் கேட்போர் தம்மைப் பித்தர் விடுதிக்கு வழிகாட்டுவர் என்றும் வேடிக்கையாக எழுதினார். கடைக் கணக்கின்படி இக்கூட்டல் பொருளற்றதே. கூட்டக் கூட்டத் தொகை வளர்ந்துகொண்டே செல்லும். ஆயினும் ஆய்லர், ரீமான் முதலிய அறிஞர் வகுத்த வேறொரு நெறியில், இத்தகைய தொடருக்கு ஒரு மதிப்பை முறையாகப் பொருத்த இயலும். அந்நெறியில் வரும் மதிப்பும் இதுவே. அந்நெறியை எவரிடமும் பயிலாமல் இராமானுஜன் தாமாகவே அவ்விடத்தை அடைந்திருந்தார். முடிவிலிக்கும் விதிகள் உண்டு; அவை வரம்புடையவற்றின் விதிகளினின்று வேறுபட்டவை என்பதற்கு இது நல்ல சான்று.

கடல் கடந்த பயணம்

ஹார்டி அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். கடல் கடத்தல் ஆசாரத்திற்கு மாறானது என்று கருதப்பட்ட காலம் அது. தாயார் இசையவில்லை. இராமானுஜன் நாமக்கல் சென்று தாயார் சந்நிதியில் தங்கி வழிபட்டார் என்றும், கோமளத்தம்மாளின் கனவில் நாமகிரித் தாயார் தோன்றி மகனுக்குத் தடையாக நிற்க வேண்டாம் என்று பணித்தார் என்றும் கூறுவர். 1914 மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் அவர் சென்னையை விட்டுப் புறப்பட்டார். நம் முன்னோரைப் பினாங்கிற்குக் கொண்டுவந்து சேர்த்த அதே பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்திற்குரிய கப்பல் அது. வயிற்றுப் பிழைப்புக்காகக் கிழக்கே வந்தவர்களும், கணிதத்திற்காக மேற்கே சென்ற இவரும், ஊரையும் உறவையும் பிரிந்த துயரத்தில் ஒன்றுபட்டவர்களே.

காட்சியும் நிரூபணமும்

கேம்பிரிட்ஜில் இருவேறு உலகங்கள் சந்தித்தன. ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர்; ஒவ்வோர் உண்மைக்கும் படிப்படியான நிரூபணம் வேண்டும் என்பவர். இராமானுஜனோ துயிலும்போது நாமகிரித் தாயார் தமக்குச் சூத்திரங்களை உணர்த்துவதாக நண்பர்களிடம் கூறியவர். விழித்தெழுந்தவுடன் அவற்றை எழுதிச் சரிபார்ப்பது அவர் வழக்கம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை நாம் மறைக்காமல் கூற வேண்டும். இராமானுஜன் எழுதி அனுப்பியவற்றுள் பிழைகளும் இருந்தன. ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதை மிகத் துல்லியமாகக் கூறும் சூத்திரத்தைக் கண்டதாக அவர் நம்பினார். கணக்கிட்டுப் பார்த்த எண்களுக்கெல்லாம் அது பொருந்தி வந்தது. ஆயினும் அவர் கருதிய துல்லியம் அதற்கு இல்லை என்று ஹார்டி எடுத்துக்காட்டினார். அவ்வேளையில் லிட்டில்வுட் நிறுவிய ஓர் உண்மை இதற்கு விளக்கமாக அமையும். பகா எண்களின் எண்ணிக்கையை மதிப்பிட அறிஞர்கள் கையாளும் ஒரு கணக்கு, பார்த்த இடமெல்லாம் உண்மைத் தொகையைவிடச் சற்றுக் கூடுதலாகவே வந்தது. எப்போதும் அவ்வாறே இருக்கும் என்று பலரும் நம்பினர். அந்நிலை மாறும் இடங்கள் எண்ணிறந்தன உண்டு என்று 1914இல் லிட்டில்வுட் நிறுவினார். அத்தகைய இடம் ஒன்றைக் கணினிகளாலும் இன்றுவரை நேரில் சென்று காட்ட இயலவில்லை. அவ்வளவு தொலைவில் அது உள்ளது.

கோடானுகோடி எடுத்துக்காட்டுகள் பொருந்தினாலும் அவை வரம்புக்கு உட்பட்டவையே. முடிவிலியைப் பற்றி ஒரு சொல் கூற அவை போதா. நிரூபணம் ஒன்றே அங்கே நம்மைக் கொண்டு சேர்க்கும் படிக்கட்டு. இராமானுஜன் இதனைப் பணிவுடன் ஏற்றார். அருளால் கிடைத்த காட்சி என்பதற்காக அதைச் சோதிக்காமல் விட்டுவிடவில்லை. பிழை கண்டவிடத்துத் திருத்திக்கொண்டார். அவருடைய பக்தி அவரை மேலும் உழைக்கச் செய்ததேயன்றி, சோம்பியிருக்கச் செய்யவில்லை.

அவ்வுழைப்பின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். நான்கு தேங்காய்களைக் குவியல்களாகப் பிரிக்க எத்தனை வழிகள் உண்டு? நான்கும் ஒரே குவியல், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனி. ஆக 5 வழிகள். இவ்வாறே 10 தேங்காய்களுக்கு 42 வழிகள். 100க்கு 19 கோடிக்கு மேல். 200க்கோ ஏறத்தாழ 4 இலட்சம் கோடி வழிகள். இத்தொகையைத் தரும் சூத்திரத்தை ஹார்டியும் இராமானுஜனும் இணைந்து 1918இல் வெளியிட்டனர். முடிவிலாத் தொடர்களின் வழியாகச் சென்று பெற்ற அச்சூத்திரத்தின் எட்டே உறுப்புகளைக் கூட்டியபோது, 200க்குரிய விடை ஒன்றில் நூறில் ஒரு பங்குகூடப் பிழையின்றி வந்து நின்றது. வரம்புடைய ஒரு தொகையை அறிய முடிவிலி வழிகாட்டிற்று.

மேலும் அவ்வட்டவணையை உற்று நோக்கிய இராமானுஜன், 4, 9, 14 என்று 4இலோ 9இலோ முடியும் எண்களுக்குரிய வழிகள் 5, 30, 135 என ஐந்தால் மீதியின்றி வகுபடுவதைக் கண்டார். இம்முறை அவர் அட்டவணையோடு நின்றுவிடவில்லை. அத்தகைய எண்கள் அனைத்திற்கும், எத்துணைப் பெரியதாயினும், இது பொருந்தும் என்று நிரூபணத்துடன் 1919இல் வெளியிட்டார். சில எண்களில் கண்டதை எல்லா எண்களுக்கும் உரியதாக்கியது அந்நிரூபணமே.

சுழியமும் முடிவிலியும்

கேம்பிரிட்ஜில் அவருக்கு நண்பராயிருந்தவர்களுள் பின்னாளில் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் ஒருவர். இருவரும் தத்துவம் பேசியபோது இராமானுஜன் கூறிய ஒரு கருத்தை அவர் நினைவுகூர்ந்துள்ளார். சுழியம் என்பது குணங்குறி கடந்த பரம்பொருளின் அடையாளம். முடிவிலி என்பது தோன்றக்கூடிய அனைத்தின் தொகுதி. அவ்விரண்டும் ஒன்றோடொன்று பெருகும்போது வரம்புடைய எண்கள் யாவும் பிறக்கின்றன. படைப்பின் ஒவ்வொரு செயலும் அத்தகைய ஒரு பெருக்கமே. அதிலிருந்தே ஒவ்வோர் உயிரும் வெளிப்படுகிறது என்பது அவர் எண்ணம்.

கணித விதிப்படி சுழியத்தை முடிவிலியால் பெருக்குவதற்கு ஒரே விடை இல்லை. சூழலுக்கேற்ப எந்த எண்ணும் வரலாம். கணிதர்கள் குறையாகக் கருதும் அத்தெளிவின்மையிலேயே இராமானுஜன் படைப்பின் வளத்தைக் கண்டார். பள்ளியில் சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் என்ன என்று கேட்ட சிறுவன், தன் வினாவுக்கு ஒரு சமய விடையைக் கண்டுகொண்டான் என்றே நமக்குத் தோன்றுகிறது. இது நிரூபிக்கப்பட்ட தேற்றமன்று; ஓர் அன்பரின் தியானம். இரண்டையும் அவர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளவில்லை.

இறுதி ஆண்டுகள்

முதல் உலகப் போரின் காலம். மரக்கறி உணவையே கடைப்பிடித்த இராமானுஜனுக்கு ஏற்ற உணவு கிடைப்பது அரிதாயிற்று. குளிரும் தனிமையும் வாட்டின. 1917இல் கடும் நோயுற்று மருத்துவமனைகளில் தங்க நேர்ந்தது. காசநோய் என்று அன்று கருதப்பட்டது. குடலிலிருந்து கல்லீரலைத் தாக்கும் வேறொரு நோயாக இருந்திருக்கலாம் என்று பின்னாளில் மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து கூறியுள்ளார்.

நோயினூடே சிறப்புகள் வந்து சேர்ந்தன. 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமையைப் பெற்ற இரண்டாவது இந்தியர் அவர். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் ஆனார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்க முன்வந்தது. அதற்கு 1919 ஜனவரியில் அவர் எழுதிய மறுமொழி நம் நெஞ்சை உருக்குவது. ஆண்டுக்கு 50 பவுன் தம் பெற்றோருக்குத் தரப்பட வேண்டும் என்றும், தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சியது ஏழை மாணவர், ஆதரவற்ற சிறுவர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்திற்கும் புத்தகங்களுக்கும் பயன்பட வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். உதவித்தொகை பறிபோனதால் ஊரைவிட்டே ஓடிய அந்த மாணவர், தமக்கு நேர்ந்தது பிற பிள்ளைகளுக்கு நேரக்கூடாது என்று எண்ணினார்.

1919 மார்ச் மாதம் தாயகம் திரும்பினார். உடல் மெலிந்து படுக்கையில் கிடந்த நிலையிலும் சிலேட்டை விடவில்லை. ஜானகியம்மாள் அருகிருந்து பணிவிடை செய்தார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில் முற்றிலும் புதிய ஒருவகைத் தொடர்களைப் பற்றி அறிவித்தார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் இறையடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 32. இளமையில் கைம்மை எய்திய ஜானகியம்மாள் பின்னர் சென்னையில் தையல் தொழில் செய்து தம் வாழ்வை நடத்தி, 1994ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

அவர் இறுதியாக எழுதிய தாள்கள் இங்கிலாந்து சென்று, பலர் கைமாறி, நூலகம் ஒன்றில் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1976இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றை டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் 600க்கு மேற்பட்ட சூத்திரங்கள் இருந்தன. இறுதிக் கடிதத்தில் அவர் குறிப்பிட்ட தொடர்களின் உட்பொருளை 2002இல்தான் டச்சு அறிஞர் சுவேகர்ஸ் தெளிவாக விளக்கினார். மரணப் படுக்கையில் எழுதியதன் பொருள் விளங்க உலகிற்கு 82 ஆண்டுகள் ஆயின. அவர் பிறந்த டிசம்பர் 22ஆம் நாள் 2012 முதல் இந்தியாவில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நமக்குரிய பாடம்

இராமானுஜனின் வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, எல்லையற்றதை நாடுவோர் எல்லைக்கு உட்பட்டதை இகழ வேண்டியதில்லை. மூன்று என்னும் சிற்றெண்ணுக்குள் முடிவிலி அடங்கியிருப்பதுபோல், எல்லைக்கு உட்பட்ட இவ்வுடலுக்குள்ளும், ஒரு சாண் கருவறைக்குள்ளும் எல்லையற்ற பொருள் எழுந்தருளுகிறது. ஆயினும் அதனை நாடும் வழியில் ஒவ்வொரு படியையும் நாமே ஏறியாக வேண்டும். படியை விட்டுத் தாவுவோர் வழுக்கி விழுவர் என்பதை அம்மேதையின் பிழைகளும் நமக்குக் கற்பிக்கின்றன.

இரண்டாவது, ஒரு தேர்வின் மதிப்பெண் ஒரு பிள்ளையின் அளவு ஆகாது. கல்லூரித் தேர்வுகளில் தோற்ற இராமானுஜனை உலகிற்குத் தந்தவர்கள், அவருடைய குறிப்பேட்டைப் பொறுமையுடன் திறந்து பார்த்த ஒரு துணை ஆட்சியரும், மாதம் 25 ரூபாய் ஈந்த ஓர் ஆட்சியரும், இரவில் உடன் அமர்ந்து சிலேட்டில் கணக்கிட்ட ஒரு மேலதிகாரியும் ஆவர். அவர்கள் செய்தவை சிறு உதவிகளே. விளைந்த பயனோ அளவிடற்கரியது. நம் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப் பள்ளிகளிலும் ஒரு பாடத்தில் சிறந்து பிற பாடங்களில் தடுமாறும் பிள்ளைகள் இன்றும் உளர். பாடப் புத்தகத்தின் ஓரத்தில் தனக்குத்தானே ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் மாணவனைக் கடிந்துகொள்ளும் முன், அவன் எழுதுவது என்னவென்று ஒருமுறை பார்ப்போமாக. ஆலய உண்டியலில் நாம் இடும் காணிக்கையில் ஒரு பங்கு அத்தகைய பிள்ளையின் கல்விக்குச் செல்லுமாயின், அதுவும் இறைவனுக்கு உகந்த அர்ச்சனையே.

திருவிழா முடிந்து படியிறங்கும்போது பிள்ளைகள் மீண்டும் படிகளை எண்ணுவர். எண்ணட்டும். எந்த எண் எந்தப் பிள்ளையை எங்கே கொண்டு செல்லும் என்பதை எல்லாம்வல்ல இறைவனே அறிவான். அவன் திருவருள் நம் பிள்ளைகள் அனைவருக்கும் துணை நிற்பதாக.